அது பாலைவனம் இல்லை மச்சான், நம் கண்மாய்

என் பாசத்துக்கும், அதைவிடக் கூடுதலான கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு,

நீங்கள் போயிருக்கிற இடத்தில் சிக்னல் கிடைக்குமா என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் லைன் கிடைக்கும் என்பீர்கள். நான் அழுதால் அங்கே காற்று அடிக்கிறது, காது கேட்கவில்லை என்பீர்கள். அதனால் இந்தத் தடவை எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

போன மாதம் மதுரையில் உங்களுக்குப் படத்திறப்பு நடந்தது. போட்டோகிராபர்கள் சங்கத்தில் மண்டபம் பிடித்து, வாசலில் பெரிய பிளக்ஸ் வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் போட்டோ எடுத்த மனிதருக்குப் பிளக்ஸில் போட ஒரு போட்டோ இல்லை. கடைசியில் லைசென்ஸில் இருந்த முகத்தை வெட்டி, யாரோ ஒருத்தனுடைய கோட்டின் மேல் ஒட்டினார்கள். நீங்கள் கோட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. நம் கல்யாணத்துக்கே வேட்டி சட்டைதானே.

பின்னணியில் பிளக்ஸ் கடைக்காரர் ஓர் அருவியை வைத்துவிட்டார். நம் மகள் கயல் அவரோடு மல்லுக்கு நின்றாள்.

"அண்ணே, எங்கப்பா பாலைவனத்துல இருந்தவருண்ணே. அருவி வேணாம்."

"பாப்பா, பாலைவனம் வச்சா வெறிச்சுனு இருக்கும். எறந்தவுகளுக்கு அருவிதான் எடுப்பா இருக்கும். நான் எம்புட்டுப் பேருக்கு வச்சுருக்கேன் தெரியுமா?"

கடைசியில் அருவிதான் ஜெயித்தது. வாழ்நாளெல்லாம் படத்திலிருந்து வேண்டாததை எடுத்துக்கொண்டே இருந்தவருக்கு, செத்த பிறகு வேண்டாததை எல்லாம் வைத்து ஒரு படம். சிரிப்பு வந்தது மச்சான், மண்டப வாசலிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

உங்களைக் கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் என்று சொல்லித்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். "மாப்ள, பொண்ணு தோள்ல கையப் போடுங்க, வெக்கப்படாதீங்க" என்று மேடை மேடையாகக் கத்தித் தொண்டை கட்டி வருவீர்கள். வீட்டுக்கு வந்தால் பேச்சு இருக்காது. அப்போதுதான் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு படம் எடுக்க வடக்கே போனீர்கள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: "செல்வி, அங்கிட்டு ஒரு எடம் இருக்கு. கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒருத்தன் இல்ல." தாலி கட்டியபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் இருந்து பார்க்கிறேன் என்று போனீர்கள். கயல் அப்போது என் வயிற்றில். ஜெய்சல்மேருக்கும் அப்பால் ஒரு மணல் கிராமத்தில் மண்சுவர் வைத்த ஒற்றை அறை. அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. நீங்கள் கல்யாணம், சடங்கு, வளைகாப்பு எடுப்பதை எல்லாம் விட்டுவிட்டு மண்ணையும் வானத்தையும் மட்டும் எடுக்கிற ஆளாகிவிட்டீர்கள். நான் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். "ஒம் புருசன் எங்க?" என்று கேட்டால் பாலைவனத்தில் என்பேன். துபாயா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன், அது எல்லோருக்கும் புரிகிற பாலைவனம்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடமாட்டேன். நம் இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். நமக்குத் தெரிந்த மண்ணுக்கெல்லாம் வரப்பில் ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பான், ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பான். "இங்க யாரும் கேக்க மாட்டான் செல்வி. எம்புட்டுத் தூரம் வேணாலும் நடக்கலாம்" என்று ஒருநாள் போனில் சொன்னீர்கள். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கு இடம் இல்லாமல் போனது எப்படி?

கயலுக்கு நடை வந்த வருஷக் கோடையில் ஊருக்கு வந்தீர்கள். மேலூருக்குக் கிழக்கே, உங்களைப் பெற்ற அத்தை வீட்டில் தங்கியிருந்தோம். மழை பொய்த்த வருஷம். கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவே மடை மட்டும் நின்றது. மடை என்றால் நம் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்: கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிட, ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு கல். தண்ணீர் நிறைந்திருக்கும்போது தலை மட்டும் வெளியே தெரியும். வற்றிவிட்டால் கதவில்லாத வாசல்படி மாதிரி தனியாக நிற்கும்.

அந்தத் தூணின் நிழலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன், கயல் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் தூரத்தில் மூன்றுகால் ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு கையை வீசினீர்கள். "செல்வி, கொஞ்சம் தள்ளிக்க." பிள்ளை இப்போதுதான் கண் அசந்தது, எழுந்தால் அழுவாள் என்றேன். "சரி விடு, அப்பறம் பாத்துக்கிறேன்" என்றீர்கள். கேமராவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம்மை எடுக்கிறார் என்று நினைத்துத் தலையைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டேன்.

மறு வருஷம் அந்தப் படம் ஏதோ ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. மண்ணைச் செம்மண் நிறமாக்கியிருந்தீர்கள். அடிவானத்தில் இருந்த கருவேலங்காடு இல்லை, கரண்டு கம்பம் இல்லை, கரை இல்லை. எல்லையில்லாத வறண்ட மண்ணில் ஒரு கல்வாசல். 'பாலைவனத்தின் வாசல்' என்று பெயர் போட்டிருந்தார்கள். நானும் பிள்ளையும் உட்கார்ந்திருந்த இடத்தில், பக்கத்து மண்ணின் வெடிப்புகளை எடுத்து ஒட்டியிருந்தீர்கள். அவ்வளவு சுத்தமான வேலை, தூணில் என் முதுகு சாய்ந்திருந்த இடத்தில் கல்லின் கொத்துவேலை தெரிந்தது.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். "நான் தார்ப் பாலைவனம்னு சொல்லல செல்வி, அவங்களா அப்டி எழுதிட்டாங்க. இப்பப் போயி மறுத்தா எம் பேரு கெட்டுரும். யார்ட்டயும் சொல்லிராத." அப்புறம் அந்தப் படத்துக்கு விருது வந்தது. பெரிய ஓட்டல்களில் தொங்கியது. எங்கோ வெளிநாட்டில் அது எந்தக் காலத்து அரண்மனை வாசல் என்று ஆராய்ந்து எழுதினார்களாம். நம் கண்மாய் மடையை! என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்தீர்கள். கயலுக்கு விவரம் தெரிவதற்குள் குறுக்குக்கல் விழுந்துவிட்டது, தூண்களைக் கருவேலம் மூடிவிட்டது. அவள் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, "எங்கப்பா எடுத்தது" என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

கயல் மூன்றாம் வகுப்பு முடித்த லீவில் எங்களை அங்கே கூப்பிட்டீர்கள். ஒரே ஒரு தடவை. உங்கள் வாழ்க்கையை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து, மணல்மேட்டின் பின்பக்கமாகச் சுற்றி நடப்பீர்கள், முன்பக்கம் காலடி விழக்கூடாது என்று. ஜீப் தடம் கிடந்தால் படம் கிடையாது, காற்று வந்து அதை மூடுகிறவரை நாள்கணக்கில் காத்திருப்பீர்கள். டீ டம்ளரிலும் மணல், படுக்கையிலும் மணல். ராத்திரி உட்கார்ந்து ஊதுகுழலாலும் பிரஷ்ஷாலும் கேமராவிலிருந்து மணலைத் தட்டுவதில் நீங்கள் காட்டிய பொறுமை இருக்கிறதே, அதில் கால்வாசியைப் பிள்ளைக்குத் தலைசீவக் காட்டியிருந்தால் போதும். அந்த அறையை உங்களுக்கு வாடகைக்கு விட்ட அம்மா எனக்குக் கம்பு ரொட்டியும் மோரும் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. உங்களைக் காட்டித் தலையில் கைவைத்துக்கொண்டார். நானும் கைவைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையில் கயல் எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டாள். வரிவரியாக அலை படிந்திருந்த மேட்டில் ஏறி, உச்சியில் நின்று, "அப்பா, இங்க பாருங்க!" என்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினாள். சூரியன் அப்போதுதான் வந்தது. நீங்கள் அவளைத் திட்டவில்லை. ஸ்டாண்டை மடக்கி உறையில் போட்டீர்கள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. இறங்கி வரும்போது தன் காலடிமேலேயே கால் வைத்து வைத்து இறங்கினாள், மேலும் கெடுத்துவிடக்கூடாது என்று. அதை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அன்றைக்காவது எங்களோடு கிளம்பி வந்திருப்பீர்களா?

அதே மணலில்தான் ஒரு வைகாசி வெயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். ஆடு மேய்க்கிறவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அந்த வெயிலில் உடம்பைப் போட்டுவைக்க வழியில்லை என்று அறைக்குச் சொந்தக்காரர் போனில் அழுதார், தமிழ் தெரிந்த ஒருத்தர் அதை எனக்குச் சொன்னார். எரித்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். நானும் கயலும் ரயில் மாறி ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, நீங்கள் ஒரு மண்கலயத்தில் இருந்தீர்கள். உங்கள் முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டாமல் போய்விட்டீர்கள் மச்சான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

இனி படத்திறப்புக்கு வருகிறேன். ஊரிலிருந்து வேன் பிடித்து அத்தையும் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். பெற்ற தாய் என்று அத்தையை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மண்டபத்தில் உங்கள் படங்களைக் கண்காட்சியாகவும் வைத்திருந்தார்கள்; எந்தப் படங்களை வைப்பது என்று உங்கள் டிஸ்க்குகளிலிருந்து பொறுக்கிக் கொடுத்தது கயல்தான். பிளஸ் டூ படிக்கிறாள், இந்த வேலையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கோட்டுப் போட்ட உங்கள் படத்துக்கு மாலை போட்டதும், மேடையில் இன்னொரு திரையை விலக்கினார்கள். சுவர் அகலத்துக்கு 'பாலைவனத்தின் வாசல்'.

சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். மனித வாடையே படாத தார்ப் பாலைவனம் என்றார். எந்த மன்னன் கட்டிய வாசலோ, எந்த நகரம் மண்ணுக்குள் போனதோ என்று உருகினார். அப்போது முன்வரிசையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. வயலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரலுக்கு மைக் எதற்கு?

"ஏத்தா செல்வி, இது நம்ம கம்மா மடைல்ல?"

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்தபடி, "அம்மா, இது ராஜஸ்தான்மா" என்றார்.

"ராசஸ்தானாவது ஒண்ணாவது. நூறு நாள் வேலையில இந்தக் கம்மாயத் தூருவெட்டுனதே நாங்கதேன். இந்தக் கல்லுல மம்பட்டியச் சாச்சு வச்சுட்டுத்தேன் கஞ்சி குடிப்போம். எம் மகன் எடுத்த படம் எனக்குத் தெரியாதா?"

ஊர்க்காரர்கள் எழுந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு நின்று முணுமுணுப்பாயிற்று. தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். "நீங்க அவர்கூட அங்க போயி இருந்தவங்க. நீங்களே சொல்லுங்கம்மா, இது எந்த எடம்?"

படத்துக்குப் பக்கத்தில் கயல் நின்றுகொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னால், நாலு பேர் முன்னால் அவள் அப்பா ஊரை ஏமாற்றியவர் ஆகிவிடுவார். உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவளிடம் இருப்பது அந்த ஒரு படம்தான். யார்ட்டயும் சொல்லிராத என்ற உங்கள் குரல் வேறு காதுக்குள். வந்தது பாருங்கள் என் வாயில்.

"அத்தைக்கு மகன் போன துக்கம். கண்ணும் இப்ப மங்கிருச்சு. பாக்குறதெல்லாம் ஊரு மாதிரியே தெரியுது. இது பாலைவனந்தான். நான் பாத்துருக்கேன்."

கைதட்டினார்கள். அத்தை என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "அப்டியாத்தா... ஆமா, கண்ணுதேன் தெரியலபோல" என்று சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கிழவி வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் யாரோ ஒரு பெண், "பாவம், பாத்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அத்தை கையைக் கொடுத்தார்.

திருநகர் வீட்டுக்கு வந்ததும் கயல் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே லேப்டாப்பைத் திறந்தாள். என் முன்னால் திருப்பி வைத்தாள். கண்மாய். கரை, கருவேலங்காடு, கரண்டு கம்பம். மடைத்தூணில் சாய்ந்து நான். என் மடியிலிருந்து ஒரு சின்னக் கால் தொங்குகிறது.

"இது யாரும்மா?"

படம் பொறுக்கும்போதே பார்த்துவிட்டாளாம். அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட வேண்டும் என்று சங்கத்தில் பிடிவாதமாகச் சொன்னதும் அவள்தானாம்.

"ஊர்ச்சனம் வர்றாங்க, யாராச்சும் கண்டுபிடிப்பாங்க, அப்ப நீயே எந்திரிச்சுச் சொல்லுவேன்னு நெனச்சேன். அப்பாவுக்குப் படம் முக்கியம், நம்மள அதுலருந்து அழிச்சுட்டாரு. சரி. நீ எதுக்கும்மா அப்பத்தாவக் குருடியாக்குன?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷம் எந்தப் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அந்தப் பிள்ளை நான் வாய் திறக்க வேண்டும் என்று மேடையே போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் உங்கள் பக்கம் நின்றுவிட்டேன். உங்களுக்கு நான் செய்த கடைசி உபகாரம் அதுதான் மச்சான், இனி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அவள் தூங்கப் போன பிறகும் நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் எத்தனை ஆயிரம் முகங்களை எடுத்திருப்பீர்கள்! எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நீங்கள் எடுத்தது இது ஒன்றுதான். இதை ஏன் அழிக்காமல் வைத்திருந்தீர்கள்? எடுத்த மூலப்படம் எதையும் நீங்கள் அழிப்பதில்லை, அது உங்கள் தொழில் வழக்கம், எனக்குத் தெரியும். அதனால் இதில் பாசத்தைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளப்போவதில்லை. இருந்தாலும் கேட்கிறேன், ஒரு நாளாவது அதைத் திறந்து பார்த்தீர்களா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலூர் பஸ் பிடித்து அத்தையிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கீரைக்கட்டை விடவில்லை.

"எனக்குத் தெரியாதாத்தா? நீ மைக்கப் புடிச்சு முழிச்ச முழியிலயே தெரிஞ்சுபோச்சு. நாலு பேரு முன்னாடி எம் மகன் பொய்யனாகப்போறான், நீ மறைக்கிறன்னு. அதான் கண்ணு தெரியலன்னு நானும் ஒத்துக்கிட்டேன். பெத்துட்டேன்ல."

கட்டிய கீரையை ஆட்டுக்கு நீட்டியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஆனா அன்னைலருந்து தெருவுல எல்லாரும் கையப் புடிக்க வாராளுக. செத்தவன் பேரு நல்லா இருக்கட்டும்னு, இருக்குற என்னயக் குருடியாக்கிட்டீக. எனக்குக் கண்ணு தெரியும்னு மட்டும் சொல்லிரு. வேற ஒண்ணும் வேணாம்."

அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் எழுதி உறையில் போடாமல், ஊருக்கே கொடுக்கிறேன். அந்த மூலப்படத்தை இதோடு சேர்த்துச் சங்கத்துக்குக் கயலே அனுப்புகிறாள். விருது கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். உங்கள் பெயர் கொஞ்சம் கெடும். கெடட்டும். ஆள் இல்லாத இடம்தானே உங்களுக்குப் பிடிக்கும், அங்கே உங்கள் காதில் எதுவும் விழாது. நாங்கள் ஆட்களுக்கு நடுவில் இருக்க வேண்டியவர்கள்.

இனி யார் மைக்கைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், சொல்வேன் மச்சான், இது என் சத்தியம். அந்தப் படத்தில் இருப்பது மேலூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் கண்மாய். மடையில் உட்கார்ந்திருந்தது நானும் என் மகளும். அத்தைக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

கோபம் தீராத உங்கள் மாமன் மகள்,
செல்வி